ஸ்லெட்டா, ஸ்லைடிங் டேபிளா? ஏற்காட்டு மரப்பட்டறைக்கு ஓர் ஒப்பாய்வு

டேபிள் சா வாங்கிய பட்டறையில் சில மாதங்களுக்குள் எழும் கேள்வி இது: நீளவாக்கில் அறுக்கக் கைடு இருக்கிறது, குறுக்கே அறுக்க என்ன செய்வது? மெஷினோடு வரும் மைட்டர் கேஜின் முகப்பு ஒரு சாண் நீளம்கூட இருக்காது. அது ஓடுவதும் ஒற்றைக் காடியில். மூன்றடிப் பலகையை அதில் அணைத்துத் தள்ளினால் பலகையின் எடையே கேஜைத் திருப்பிவிடும். அறுத்த முனையில் மூலைமட்டத்தை வைத்தால் அரை நூல் வெளிச்சம் தெரியும். ஜன்னல் சட்டத்தின் நான்கு மூலையிலும் அந்த அரை நூல் சேர்ந்துவிட்டால் கண்ணாடி உட்காராது.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, பட்டறையிலேயே செய்துகொள்ளும் ஸ்லெட். பிளைவுட்டில் ஓர் அடித்தட்டு. அதன் அடியில் மேசையின் இரண்டு காடிகளிலும் ஓடும் இரண்டு பட்டைகள். மேலே முன்னும் பின்னும் இரண்டு தடுப்புச் சட்டங்கள். பலகையைத் தட்டின் மேல் வைத்துத் தட்டோடு சேர்த்துத் தள்ள வேண்டும். மற்றொன்று, கடையில் வாங்கி மெஷினின் இடதுபக்கம் போல்ட் போட்டு மாட்டும் ஸ்லைடிங் டேபிள். எஃகுக் கம்பிகளின் மேல் பேரிங்கில் ஓடும் அலுமினிய மேசை, அதன் மேல் நீண்ட தடுப்பு, தடுப்பில் அளவுக்கு நிறுத்தும் ஸ்டாப்பர், பாரம் தாங்கத் தரையில் ஊன்றிய கால்கள் ஆகியவை அதில் அடங்கும்.

மூன்றாவதாகப் பேனல் சா இருக்கிறது. 1906-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் தொடங்கிவைத்த வகை அது. ஓடும் மேசை மெஷினின் உடலோடு பிறந்தது. மாடுலர் கிச்சன் செய்யும் பெரிய பட்டறைகளில் இன்று அதுதான் நிற்கிறது. அதன் மேசை மட்டும் 3.2 மீட்டர். அது முன்னும் பின்னும் முழுதாக ஓட ஆறு மீட்டருக்கு மேல் தடையில்லாத நீளம் வேண்டும். த்ரீ ஃபேஸ் மின்சாரமும் வேண்டும். மலைச்சரிவில் ஷெட் போட்டு வேலை செய்யும் ஒருவருக்கு அது பொருந்தாது. ஆகவே ஒப்பீட்டை முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த இரண்டையும் ஒப்பிடுபவர்கள் பொதுவாகத் துல்லியத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியது துல்லியமாக இருக்கும், கையால் செய்தது சுமாராக இருக்கும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நான் அதை ஏற்கவில்லை. துல்லியத்தில் நன்றாகச் செய்த ஸ்லெட் ஸ்லைடிங் டேபிளுக்கு ஒரு மயிரிழையும் பின்தங்காது. சேர்வராயன் மலையில் இந்தத் தேர்வைத் தீர்மானிப்பவை வேறு: அறுக்கும் பொருளின் அகலம், பனிமூட்டம், பட்டறையின் தரை.

முதலில் மரம். ஏற்காட்டில் மரவேலை என்றால் சில்வர் ஓக்தான். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழல் வேண்டும். கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சில்வர் ஓக் அந்த நிழலைத் தந்தது. நேராக வளர்ந்து மிளகுக் கொடிக்கும் கொழுகொம்பானது. இன்று எஸ்டேட்டுகளில் எங்கே நின்று பார்த்தாலும் அதன் வெள்ளி முதுகு இலைகள் தெரியும். மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அனுமதியோடு இறங்கும் மரம் பெட்டிப் பலகை, பிளைவுட், கதவு, ஜன்னல், கட்டில் என்று பல வழியில் போகிறது.

சில்வர் ஓக் அறுக்க எளிது. தேக்கைவிடச் சற்று லேசானது, நார் பெரும்பாலும் நேராக ஓடும். மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பிளந்த பலகையில் ஓலைப்பாய் பின்னியது போன்ற பூ தெரியும். அந்த அழகுக்காகவே அதை வார்னிஷ் மட்டும் பூசி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். குறைகளும் உண்டு. குறுக்கே அறுக்கும்போது அடிப்பக்கமும் பின்விளிம்பும் சிராய் சிராயாகப் பெயரும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். எஸ்டேட் எல்லையில் நின்ற மரமானால் முள்கம்பி அறைந்த பழைய ஆணி உள்ளே புதைந்திருக்கலாம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டுதான் ஸ்லெட்டையும் ஸ்லைடிங் டேபிளையும் பார்க்க வேண்டும்.

சிராய் விஷயத்தில் ஸ்லெட் தெளிவாக முந்துகிறது. புது ஸ்லெட்டை முதல்முறை தள்ளும்போது பிளேடு தட்டிலேயே தன் வாயை வெட்டிக்கொள்கிறது. அந்த வாய் பிளேடின் பருமன் எவ்வளவோ அவ்வளவுதான். பலகையின் அடிப்பக்கம் பிளேடின் ஓரம்வரை தட்டில் முழுதாகப் படிந்திருப்பதால் நார் கீழே பெயர இடமே இல்லை. பின்னால் தடுப்புச் சட்டம் இருப்பதால் பின்விளிம்பும் உடையாது. ஸ்லைடிங் டேபிளில் இந்தத் தாங்கல் கிடைப்பதில்லை. பேனல் சாவின் ஓடும் மேசையைப் பார்த்துவிட்டு, அதே போன்ற வெட்டு வரும் என்று நம்பி அட்டாச்மென்ட் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பேனல் சாவில் பெரிய பிளேடுக்கு முன்னால் ஸ்கோரிங் பிளேடு என்று சின்னதாக ஒன்று எதிர்த்திசையில் சுற்றும். மைக்கா ஒட்டிய பலகையின் அடித்தோலை அது முன்கூட்டியே கீறிவிடும். சுத்தமான வெட்டுக்குக் காரணம் அந்தச் சின்ன பிளேடு. சாதாரண டேபிள் சாவில் எவ்வளவு நல்ல ஸ்லைடிங் டேபிளை மாட்டினாலும் ஸ்கோரிங் பிளேடு வந்துவிடாது. மைக்கா அடியில் பொரிவது பொரியத்தான் செய்யும்.

துல்லியத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு கருவிக்கும் அது பொது. மூலைமட்டத்தை நம்புவதைவிட மேலானது. ஏறக்குறைய 400 மி.மீ. சதுரமான பிளைவுட் துண்டு ஒன்றை எடுங்கள். ஒரு பக்கத்தை மெல்லியதாக அறுங்கள். அறுத்த பக்கத்தைத் தடுப்பில் சேர்த்து அடுத்த பக்கத்தை அறுங்கள். இப்படியே திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் முடிந்ததும், முதலில் அறுத்த பக்கத்தையே ஐந்தாவது முறையாக, அரை அங்குல அகலப் பட்டையாக விழும்படி அறுங்கள். தடுப்பு செங்கோணத்தில் இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டிலும் பிழை கூடிக்கொண்டே வந்து, ஐந்தாவது பட்டையில் நான்கு மடங்காக நிற்கும். பட்டையின் இரண்டு முனைகளையும் வெர்னியரில் அளக்க வேண்டும். ஒரு முனை 12.4, மறுமுனை 11.6 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.8. நான்கால் வகுத்தால், 400 மி.மீ. நீளத்துக்கு 0.2 மி.மீ. பிழை. தடுப்பின் ஒரு முனையை ஒற்றைத் திருகில் ஊன்றி, 600 மி.மீ. தள்ளி மறுமுனையில் சரிசெய்வதாக இருந்தால் அந்த முனையை நகர்த்த வேண்டியது 0.3 மி.மீ. எந்தப் பக்கம் என்பதைப் பட்டையின் பருத்த முனை சொல்லிவிடும். அந்த 0.3-ஐக் கண்ணால் பிடிக்க முடியாது. பைக் மெக்கானிக்குகள் வால்வு இடைவெளி வைக்கும் ஃபீலர் கேஜில் அந்த அளவுத் தகடு இருக்கும். தடுப்பின் முனையை ஒட்டி ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, நடுவே தகட்டைச் செருகி நகர்த்தித் திருகை இறுக்கினால் வேலை முடிந்தது. இன்னொரு முறை ஐந்து வெட்டும் அறுத்துப் பார்த்தால் பிழை காகிதப் பருமனுக்குள் வந்திருக்கும்.

ஸ்லைடிங் டேபிளுக்கும் இதே சோதனைதான். ஆனால் அங்கே தடுப்பைச் சரிசெய்வதற்கு முன்னால் வேறு இரண்டு காரியங்கள் முடிந்திருக்க வேண்டும். ஓடும் மேசை பிளேடுக்கு இணையாக ஓட வேண்டும். பிளேடின் பின்பல் வெட்டிய முகத்தை உரசாதபடி மிகச் சிறிதே விலகி ஓடுவது நல்லது. அதன் மட்டமும் வார்ப்பிரும்பு மேசையைவிடக் காகிதப் பருமன் அளவு உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் பலகை இரும்பில் இழுபடும். அதிகம் உயர்ந்திருந்தால் வெட்டு சாயும். நீளம், உயரம், சாய்வு என்று மூன்று வழியிலும் திருகுகள் இருக்கின்றன. ஒன்றைத் திருப்பினால் மற்றது நகரும். பொறுமையுள்ளவர் ஒரு நாளில் முடிப்பார். முடித்த பிறகு அது அப்படியே நிற்குமா என்பதுதான் ஏற்காட்டில் கேட்க வேண்டிய கேள்வி.

பனிமூட்டத்தைப் பற்றிச் சமவெளியில் எழுதும் மரவேலைக்காரர்கள் யோசிக்க வேண்டியதில்லை. நாம் யோசிக்க வேண்டும். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் தாழ்வில் இருக்கிறது; ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரில். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் காற்றின் குணமே மாறிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மூட்டம் ஷெட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும் இடத்தில் மரம் தனக்குள் 12 விழுக்காடு ஈரத்தை வைத்துக்கொள்ளும். காற்று 85 விழுக்காட்டுக்குப் போனால் மரம் 18-க்குப் போகும். இந்த ஆறு விழுக்காடு இரண்டு கருவிகளையும் வெவ்வேறு இடத்தில் தாக்குகிறது.

ஸ்லெட்டில் அடி விழுவது பட்டையில். டேபிள் சாக்களின் காடி வழக்கமாக முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. அகலம். அதில் ஆடாமல் ஓடும்படி மரப்பட்டை செய்து பங்குனியில் பொருத்துகிறோம். மழைக்காலத்தில் அதே பட்டை, நார் கிடக்கும் விதத்தைப் பொறுத்து, கால் மில்லிமீட்டர்வரை உப்பும். ஸ்லெட் காடியில் இறுகிக்கொள்ளும். தள்ளும் கைக்கு ஆவேசமாகத் தள்ளத் தோன்றும். பிளேடின் பக்கத்தில் அது ஆகாது. பட்டையை இழைத்துவிட்டால் தையில் காய்ந்து ஆடத் தொடங்கும். ஆகவே இந்த மலையில் ஸ்லெட்டுக்கு மரப்பட்டை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். நைலானும் வேண்டாம், அதுவும் ஈரம் குடித்து உப்பும். எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் உப்பாது. சமையலறை வெட்டுப்பலகையாக விற்கும் கெட்டியான வெள்ளைப் பலகை பெரும்பாலும் அதுதான். இன்னும் நல்லது உலோகப் பட்டை. கடையில் கிடைக்கும் 20 மி.மீ. பட்டை காடிக்குள் இறங்காது. லேத் பட்டறையில் கொடுத்து மில்லிங்கில் 19-க்குச் சற்றுக் குறைவாகவும், காடியின் ஆழத்தைவிட அரை மில்லிமீட்டர் தாழ்வாகவும் எடுத்துக்கொள்ளலாம். அடித்தட்டுக்கு எம்.டி.எஃப். கூடாது. அது மூட்டத்தில் ஓரம் ஊதிப் போகும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 12 மி.மீ. மரைன் பிளைவுட் வாங்கி, இரண்டு முகத்துக்கும் நான்கு ஓரத்துக்கும் பாலியூரத்தேன் பூசி, அடியில் மெழுகு தேய்த்துவிட்டால் பல மழைக்காலம் தாங்கும். ஓரத்தைப் பூசாமல் விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பிளைவுட் தண்ணீர் குடிப்பது ஓரத்து வழியாகத்தான்.

ஸ்லைடிங் டேபிளில் அலுமினிய மேசைக்கு ஈரத்தால் ஒன்றும் ஆகாது. அடி விழுவது எஃகுக் கம்பியிலும் பேரிங்கிலும். ராத்திரி மூட்டத்தில் கம்பியின் மேல் ஈரம் படிகிறது. காலையில் சில்வர் ஓக் தூள் அதில் ஒட்டுகிறது. பேரிங் அதன் மேல் ஏறி ஏறித் தூளைப் பசையாக்கி, பசையைப் பத்தையாக்குகிறது. கம்பியில் விரலை ஓட்டினால் அங்கங்கே சிறு மேடு தட்டும். மேசை அந்த மேட்டில் ஏறும்போது தடுப்பின் முனை நூலளவு துள்ளும். அறுத்த முகத்தில் அந்த இடம் கோடாகத் தெரியும். கிரீஸ் பூசினால் தூள் இன்னும் ஒட்டும். தினமும் வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடைத்து, உலர் மெழுகோ சிலிகான் இல்லாத உலர் லூப்ரிகன்ட்டோ மெல்லியதாகப் போட்டு, மேலே ஒரு போர்வை மூடிவிட்டுப் போக வேண்டும். சிலிகான் கலந்ததைத் தொடக்கூடாது. அது பலகைக்குப் போனால் வார்னிஷ் அந்த இடத்தில் பிடிக்காது. இந்தப் பராமரிப்பைத் தவறாமல் செய்யும் பட்டறையில் ஸ்லைடிங் டேபிள் நீண்ட காலம் உழைக்கும். நாலு நாள் கேட்பாரற்று விட்டால் ஐந்தாம் நாள் காட்டிக்கொடுக்கும். வார்ப்பிரும்பு மேசைக்கும் இதே துருதான் எதிரி. ஆனால் அது இரண்டு முறைக்கும் பொது.

அடுத்தது தரை. சேர்வராயன் மலையில் சமதளம் விலைமதிப்புள்ள பொருள். பட்டறைகள் பெரும்பாலும் சரிவை வெட்டிக் கட்டியவை; பாதிக்குக் கான்கிரீட், மீதிக்கு மண் என்றிருக்கும் ஷெட்டுகளும் உண்டு. ஸ்லைடிங் டேபிளின் கால்கள் மண்ணில் ஊன்றினால் ஒவ்வொரு மழைக்கும் அதன் மட்டம் மாறும். நேற்று உட்கார்ந்து சரிசெய்ததை இன்று மறுபடி சரிசெய்ய வேண்டும். அது மெஷினின் இடதுபக்கம் ஒரு மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும்; நீளமான பலகையும் அந்தப் பக்கம்தான் வரும். இடம் குறைந்த ஷெட்டில் அதைத் தினமும் இடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். ஸ்லெட் வேலை முடிந்ததும் சுவரில் ஆணியில் தொங்கும்.

இதுவரை தராசு ஸ்லெட்டின் பக்கமே சாய்ந்திருக்கிறது. அகலத்தைப் பேச வந்தால் அது அப்படியே மறுபக்கம் சாய்கிறது.

கேபினட் சா வகை டேபிள் சாவின் மேசை முன்பின்னாக 27 அங்குலம், ஏறக்குறைய 690 மி.மீ. ஸ்லெட்டில் 600 மி.மீ. அகலப் பலகையை வைத்தால், பிளேடு பலகையைத் தொடுவதற்கு முன்பே ஸ்லெட்டின் பெரும்பகுதி மேசைக்கு வெளியே நம் வயிற்றுப் பக்கம் தொங்கும். பட்டைகள் காடியில் கொஞ்சம்தான் பிடித்திருக்கும். அந்த நிலையில் தொடங்கும் வெட்டு நேராக வராது. 450 மி.மீ. அகலம்வரை நிம்மதி, 550 என்பது மெனக்கெட்டால் முடியும், அதற்கு மேல் வேண்டாம் என்பதே என் கணக்கு. வீட்டு அலமாரியின் பக்கப் பலகை ஏழடிக்கு இரண்டடி. 18 மி.மீ. பிளைவுட் முழுத்தாள், எட்டுக்கு நான்கு, ஏறக்குறைய 35 கிலோ இருக்கும். அதில் பாதியாகப் பிளந்த பலகையே 17 கிலோவுக்கு மேல். அதை ஸ்லெட்டில் வைத்தால் இடதுபக்கம் ஐந்தடி அந்தரத்தில் நிற்கும். ஸ்லெட்டே கவிழப் பார்க்கும். ஸ்லைடிங் டேபிளில் அந்தப் பலகையை வைத்துத் தடுப்பில் அணைத்து ஒரு கையால் தள்ளலாம். எடையைக் கால்கள் வாங்கிக்கொள்கின்றன. கைக்கு வேலை வழிகாட்டுவது மட்டும். ஒரே ஆள் வேலை செய்யும் பட்டறையில் இதன் அருமை தெரியும். காட்டேஜ், ஹோம்ஸ்டே என்று ஏற்காட்டில் கட்டடம் பெருகியதிலிருந்து அலமாரி வேலையும் பெருகியிருக்கிறது. அந்த வேலையை நம்பியிருப்பவருக்கு ஸ்லைடிங் டேபிள் ஆடம்பரம் ஆகாது.

ஆனால் வாங்குகிறவர் எந்த வகை ஸ்லைடிங் டேபிள் என்று பார்த்து வாங்க வேண்டும். சந்தையில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, மேசையின் இடதுபக்க நீட்டிப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுவது. இதில் ஓடும் மேசைக்கும் பிளேடுக்கும் நடுவே வார்ப்பிரும்பு மேசையின் இடது பாதி, ஓர் அடி அகலம், அசையாமல் கிடக்கும். பெரிய பலகைக்கு இது ஒன்றும் செய்யாது. சின்னத் துண்டுக்குப் பெரிய தொல்லை: துண்டு ஓடும் மேசையைத் தொடுவதே இல்லை, நிற்கும் இரும்பின் மேல் இழுபட்டுக்கொண்டே போகும், அந்த இழுப்பில் திரும்பவும் பார்க்கும். இரண்டாவது வகையில் மேசை பிளேடை ஒட்டியே ஓடும். அதற்காக வார்ப்பிரும்பு மேசையின் இடது பகுதி இல்லாமலேயே மெஷின் வரும், அல்லது அதை எடுத்துவிட வேண்டும். சின்னத் துண்டும் பெரிய பலகையும் இரண்டும் இதில் நன்றாக அறுபடும். விலை ஒன்று கொடுக்க வேண்டியிருக்கிறது: இடது காடி போய்விடும். இரண்டு காடியில் ஓடும் ஸ்லெட்டை அந்த மெஷினில் இனி வைக்க முடியாது. முதல் வகையை வாங்கியவர் ஸ்லெட்டையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டும் என்பவருக்கு முதல் வகைதான் பொருந்தும் என்பது இதனால்.

ஓட்டத்தின் நீளத்தையும் பார்க்க வேண்டும். மேசை எவ்வளவு பெரியது என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். அது எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதைத் தேடிப் படிக்க வேண்டும். நான்கடி அகலத் தாளைக் குறுக்கே அறுக்க 1.2 மீட்டருக்கு மேல் ஓட்டம் வேண்டும். டேபிள் சாவில் மாட்டும் பல அட்டாச்மென்ட்டுகளில் அது கிடைக்காது. முழுத்தாளை அறுக்கலாம் என்று நம்பி வாங்கிவிட்டு, தாளை வெளியே வைத்துக் கைச் சர்க்குலர் சாவால் பிளந்துகொண்டு உள்ளே கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பிளந்துகொண்டு வருவதாக இருந்தால், 550 மி.மீ.க்குக் குறைந்த துண்டுகளுக்கு ஸ்லெட்டே போதுமே என்ற கேள்வி அங்கே எழும்.

பாதுகாப்பைப் பற்றி விரிவாகச் சொல்வது என் கடமை. நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும் 10 அங்குல பிளேடில் பல்லின் நுனி மணிக்கு ஏறக்குறைய 190 கி.மீ. வேகத்தில் போகிறது. பலகை பிளேடுக்கும் கைடுக்கும் நடுவே சிக்கினால் அந்த வேகம் முழுவதும் பலகைக்கு வந்து அது நம்மை நோக்கித் திரும்பி அடிக்கும். குறுக்கே அறுக்கும்போது கைடையே அளவு நிறுத்தமாக வைத்துக்கொள்வது இதற்கு நேர்வழி. இரண்டு கருவியிலும் அந்தத் தவறைச் செய்ய முடியும். அளவுக்கு நிறுத்த வேண்டுமானால் ஸ்லெட்டின் அல்லது ஸ்லைடிங் டேபிளின் தடுப்பிலேயே கட்டை வைக்க வேண்டும். கைடைப் பின்னுக்குத் தள்ளிவிட வேண்டும். ஸ்லெட்டில் இன்னோர் ஆபத்து தனியாக உண்டு. வெட்டு முடியும்போது பிளேடு பின் தடுப்பைத் துளைத்துக்கொண்டு நம் பக்கம் வெளியே வரும். தள்ளும் கையின் கட்டைவிரல் அங்கே இருக்கக்கூடாது. அந்த இடத்தில் மூன்று அங்குலக் கனத்தில் ஒரு மரக்கட்டையை ஒட்டி, சிவப்பு வண்ணம் அடித்துவிட வேண்டும். பிளேடின் மேல்மூடியை ஸ்லெட்டோடு வைத்துக்கொள்வது கடினம் என்பதால் இரண்டு தடுப்புக்கும் மேலே கெட்டியான அக்ரிலிக் பட்டை ஒன்றை மாட்டினால் கண்ணுக்கும் பாதுகாப்பு. பிளேடின் பின்னால் நிற்கும் ரிவிங் நைஃபைக் கழற்ற வேண்டியதில்லை. வாய்க்குள்ளேயே அது ஓடும். ஸ்லைடிங் டேபிளில் ஆள் பிளேடின் நேர்க்கோட்டை விட்டு இடதுபக்கம் விலகி நிற்கிறார்; மேல்மூடியும் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் அது ஸ்லெட்டைவிட நல்லது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

தூளுக்குத் துணிமாஸ்க் போதாது. சில்வர் ஓக் அறுக்கிறவர் முழுக்கைச் சட்டை போட்டு, வேலை முடிந்ததும் கையையும் கழுத்தையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஸ்லெட்டில் தடுப்பின் காலடியில் தூள் சேரும். அதன் மேல் பலகையை அணைத்தால் செங்கோணம் போய்விடும். தடுப்பின் அடிவிளிம்பை ஒரு இழைப்பு இழைத்துச் சரித்துவிட்டால் தூள் அந்தச் சரிவுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். சிறிய வேலை, பெரிய பலன்.

இனி எந்த வேலைக்கு எது. காப்பிப் பூவுக்கும் தேனீ உதவும் என்பதால் தேன்பெட்டிக்குத் தேவை இருக்கிறது. தென்னிந்தியாவில் வெகுகாலமாக வழங்கும் நியூட்டன் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டிக்குள் அடைச்சட்டங்கள் பல. ஒவ்வொரு சட்டத்துக்கும் மேல்பட்டை, இரண்டு பக்கப்பட்டை, அடிப்பட்டை. ஐம்பது பெட்டி என்றால் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள், எல்லாம் ஒரே அளவு. ஒரு துண்டு மி.மீ. நீண்டால் சட்டம் பெட்டியில் இறங்காது. குறைந்தால் தேனீ அந்த இடைவெளியை மெழுகால் அடைத்துவிடும். இதற்கு ஸ்லெட்டை மிஞ்சியது இல்லை. தடுப்பில் ஸ்டாப்பர் கட்டையை ஒருமுறை வைத்துவிட்டால் காலையில் அறுத்ததும் மாலையில் அறுத்ததும் ஒன்றே. ஜன்னல் சட்டம், கதவின் குறுக்குச் சட்டம், கழுந்து அறுப்பது, படச்சட்டம், நாற்காலிக் கால் ஆகியவையும் ஸ்லெட்டின் வேலை. அலமாரி, சமையலறைப் பெட்டிகள், அகலமான மேசைப்பலகை, ஒட்டிச் சேர்த்த பெரிய கதவுப்பலகை ஆகியவை ஸ்லைடிங் டேபிளின் வேலை.

விலையில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை. ஸ்லெட்டுக்கு ஒரு துண்டு பிளைவுட், இரண்டு பட்டை, ஒரு நாள் உழைப்பு. கெட்டால் நாமே சரிசெய்வோம், கண்ட இடத்தில் வெட்டுப்பட்டால் புதிதாகச் செய்வோம். ஸ்லைடிங் டேபிளில் ஒரு பேரிங் போனால் அந்த அளவு சேலத்தில் கிடைக்கிறதா என்று முதலில் கேட்டு வைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும். பேரிங்கில் எண் பொறித்திருக்கும். பொது அளவானால் கிடைத்துவிடும். அந்த நிறுவனத்துக்கென்றே வார்த்த ரோலரானால் வேலை வாரக்கணக்கில் நிற்கும்.

என் தீர்ப்பு இது. சேர்வராயன் மலையில் சில்வர் ஓக்கும் பலாவும் வைத்துக் கட்டைவேலை செய்யும் பட்டறைக்கு ஸ்லெட் முதலில், ஸ்லைடிங் டேபிள் பிறகு. மாதத்தின் பாதி நாள் பிளைவுட் அலமாரிக்குப் போகிறது, தரை முழுக்கக் கான்கிரீட், இடதுபக்கம் எட்டடி காலியிடம் இருக்கிறது என்பவர் ஸ்லைடிங் டேபிளை வாங்கலாம், தயங்க வேண்டாம். வாங்கும் முன் கடைக்காரரிடம் மூன்றைக் கேளுங்கள்: மேசை பிளேடிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறது, முழு ஓட்டம் எத்தனை மில்லிமீட்டர், பேரிங்கின் எண் என்ன. மூன்றுக்கும் நேரான பதில் வராத கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.